‘ஊத மாட்டேன்’ என்று சொல்லலாமா?

இரவுப்பயணி

போன மாதம் எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். நான் குடிப்பதில்லை. இரவு வேலை முடிந்து கிளம்பும்போது, பல்வலிக்காக மருத்துவர் கொடுத்திருந்த மருந்தில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வண்டியை எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வாகனச் சோதனை. குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன். 41 என்று காட்டியது. இந்தியாவில் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். கொப்பளித்ததைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஊதுகிறேன் என்று கெஞ்சினேன். பிடிபடுகிற எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்கள். வழக்கு எழுதி, வண்டியையும் வைத்துக்கொண்டார்கள். விடிந்த பிறகு நானே ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்தேன். ஆல்கஹால் இல்லை என்று அறிக்கை வந்தது. ஏழு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தை வைத்து நான் எதை நிரூபிப்பது?

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி எங்கே நிறுத்தினாலும் ஊதப் போவதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்கிறது. என் மூச்சை வாங்கி எனக்கு எதிராகவே பயன்படுத்துவது அந்தப் பிரிவுக்கு எதிரானது என்பது என் வாதம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு

வழக்கறிஞராக இருப்பதால் முதலில் 20(3) பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வாதத்தை மாதம் நான்கு பேராவது என்னிடம் கொண்டுவருகிறார்கள். இது நிற்காது. 1961-இல் காத்தி காலு ஒகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது ‘சாட்சி சொல்வது’ ஆகாது என்று சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் வாயால் சொல்ல வைப்பதைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது. உடம்பிலிருந்து எடுக்கும் மாதிரி வேறு. 2010-இல் செல்வி வழக்கில் சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் ஊசி போடத் தடை விதித்தபோதும் நீதிமன்றம் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை.

இது இந்தியாவில் மட்டும் உள்ள பார்வையும் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-இல் சாண்டர்ஸ் வழக்கில், மூச்சு, இரத்தம், சிறுநீர் போன்றவை ஒருவரின் விருப்பத்தைச் சாராமல் தனியே இருப்பவை, அவற்றை எடுப்பது மௌன உரிமையை மீறாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-லேயே ஷ்மெர்பர் வழக்கில் இரத்த மாதிரிக்கு இதே பதிலைச் சொன்னது.

உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய உரிமை ஊத மறுப்பது இல்லை. உங்களிடம் பறிபோனது இரண்டாவது சோதனை.

வெண்ணிலா

என் தம்பி இரு சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் மறுநாள் மாலை வழக்கறிஞரோடு வந்து சரணடைந்தான். அவன் எங்கிருந்து கிளம்பினான், என்ன நிலையில் வண்டியை எடுத்தான் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவன் இரத்தத்தில் எதுவும் மிச்சமில்லை. குடித்து ஓட்டிய குற்றம் அந்த வழக்கில் இடம்பெறவே இல்லை.

அதனால் ‘ஊத மாட்டேன்’ என்று யாராவது உரிமையாகப் பேசும்போது எனக்கு அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. சோதனையிலிருந்து ஓடினாலும், சோதனை நடக்கும் இடத்திலேயே நின்று மறுத்தாலும், கடைசியில் காணாமல் போவது ஒரே சாட்சியம்தான். இரவுப்பயணி அண்ணா, நீங்கள் குடிக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் உரிமையை முதலில் பிடித்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள் இல்லை. குடித்தவர்தான்.

இரவுப்பயணி

உங்கள் இழப்புக்கு முன்னால் என் வழக்கு ஒன்றுமே இல்லை, அம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன். குடித்தவரும் பயன்படுத்திக்கொள்வார் என்பதற்காகக் குடிக்காதவருக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடுமா? கருவி தவறு செய்கிறது. அந்தத் தவறுக்கு நான் ஏன் பொறுப்பாக வேண்டும்?

அளவுக்காரன்

கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். கருவி தவறு செய்ததா என்று இரவுப்பயணி கேட்கிறார். பெரும்பாலும் கருவி தவறு செய்யவில்லை, அதைப் பயன்படுத்திய விதம்தான் தவறு என்பேன்.

நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹால், இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலோடு ஒரு விகிதத்தில் இருக்கும். 2100 மில்லி மூச்சில் இருப்பது 1 மில்லி இரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டுதான் பல நாட்டுக் கருவிகள் எண்ணைக் காட்டுகின்றன. பிரிட்டன் 2300 என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டது. அங்கே இங்கிலாந்தில் மூச்சுக்கான வரம்பு 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம். அதை 2300-ஆல் பெருக்கிப் பாருங்கள், 80 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். அதுதான் அவர்களுடைய இரத்த வரம்பு. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான விகிதம் 2100-க்கு மேலே இருப்பதால், 2100-ஐ வைத்துக் கணக்கிடும் கருவி அவர்கள் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். இது ஓட்டுநருக்குச் சாதகம்.

இப்போது வாய் கொப்பளித்த விஷயம். அந்த மருந்துகள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. கொப்பளித்த உடனே ஊதினால் கருவி நுரையீரல் காற்றை அளக்கவில்லை, கன்னத்திலும் ஈறிலும் ஒட்டியிருப்பதை அளக்கிறது. 15 முதல் 20 நிமிடத்தில் அது போய்விடும். ஏப்பம், வாந்தி வந்தாலும் வயிற்றில் உள்ள ஆல்கஹால் வாய்க்கு ஏறும். அதனால்தான் முறையாகச் செய்யும் இடங்களில் 15 நிமிடம் ஆளைக் கண் முன்னாலேயே உட்கார வைத்து, எதையும் வாயில் போடவில்லை என்று உறுதி செய்த பிறகு ஊதச் சொல்வார்கள். இரண்டு தடவை ஊதச் சொல்வதும் இதற்காகத்தான். வாயில் ஒட்டிய ஆல்கஹால் என்றால் இரண்டாவது எண் சட்டென்று விழும். இரத்தத்தில் இருப்பது என்றால் இரண்டும் அருகருகே நிற்கும்.

உங்களுக்கு 20 நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஊதக் கொடுத்திருந்தால் சுழியம் காட்டியிருக்கும். அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

இரவுப்பயணி

நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம், சார். இப்படிச் செய்யாத இடத்தில் நான் எதற்கு ஊத வேண்டும்? கருப்புக்கோட்டு சாருக்கும் ஒரு கேள்வி. 1971-இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம், மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்றதாகப் படித்தேன். அப்படியானால் சோதனை இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. மறுத்தவன் பிழைத்தான், ஊதியவன் மாட்டினான் என்றுதானே ஆகிறது?

கருப்புக்கோட்டு

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

குடித்து ஓட்டுவதைக் குற்றமாக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு, மதுவைப் பொறுத்தவரை, ஒரு எண்ணைக் கேட்கிறது. 30-க்கு மேல் இருந்தது என்று மூச்சுக் கருவியோ ஆய்வகமோ காட்ட வேண்டும். ஆகவே எந்தச் சோதனையும் இல்லாமல் அந்தப் பிரிவில் தண்டனை வாங்கித் தருவது அரசுத் தரப்புக்குக் கடினம்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் மறுத்தவர் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று நினைக்காதீர்கள். 203-வது பிரிவின்படி, மறுப்பவருக்குள் மது இருக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், சீருடையில் உள்ள காவலர் அவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். காவல் நிலையத்தில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும். அங்கேயும் மறுத்தால் 204-ன்படி, பதிவு பெற்ற மருத்துவரிடம் இரத்தம் கொடுக்கச் சொல்லலாம். அதையும் மறுத்தால் 205 வருகிறது. தகுந்த காரணம் காட்டாத மறுப்பை, அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அதாவது சாலையோரம் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியதைக் கைது வரைக்கும் நீங்களே இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

விபத்து நடந்திருந்தால் காப்பீடு வேறு இருக்கிறது. 2021-இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் மூச்சுச் சோதனையும் இல்லை, இரத்தச் சோதனையும் இல்லை. ஆனாலும் ஓட்டியவர் மதுவின் தாக்கத்தில் இருந்தார் என்று மற்றச் சாட்சியங்களிலிருந்தே முடிவு செய்து, காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் வழக்குக்கு உதவக்கூடியவற்றை இனிச் சொல்கிறேன். இவை சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை.

ஊதச் சொல்பவர் சீருடையில் இருக்க வேண்டும், அல்லது அதிகாரம் தரப்பட்ட மோட்டார் வாகனத் துறை அதிகாரியாக இருக்க வேண்டும். கருவி, மத்திய அரசு அறிவிக்கையில் ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும். 185-க்காகக் கைது செய்தால், 202-வது பிரிவின்படி இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இரத்தம் கொடுப்பவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். இந்தக் குற்றத்தை அந்த இடத்திலேயே பணம் கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். யாராவது கையில் பணம் கேட்டால் அது அபராதம் இல்லை.

வண்டியைப் பற்றி: ஓட்டியவரைக் கைது செய்தால், வண்டியைப் பாதுகாப்பாக விடுவதற்குத் தேவையானதைக் காவலர் செய்யலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. குடித்து ஓட்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. குடிக்காத, உரிமம் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவரிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் உறவினரை வரவழைக்கலாம். அந்தத் தீர்ப்பு மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம்.

வெண்ணிலா

சார், நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் என் கண்ணில் நிற்கிறது. ‘எந்தச் சோதனையும் இல்லாமல் தண்டனை வாங்கித் தருவது கடினம்.’ இந்த ஓட்டையைத்தான் நான் சொல்கிறேன். குடித்தவனுக்குக் கருவிதான் எதிரி. கருவியிலிருந்து தப்பித்தால் பாதி வழக்கு முடிந்தது. மறுப்பதையே தனிக் குற்றமாக்கி, குடித்து ஓட்டியதற்கு என்ன தண்டனையோ அதையே கொடுத்தால் ஒழிய இது சரியாகாது.

பனிவெளி

கனடாவில் இருக்கிறேன். இங்கே நீங்கள் சொல்வதுதான் சட்டம், அக்கா. மறுத்தால் குற்றம். முதல் தடவையே குறைந்தது 2,000 டாலர் அபராதம். விபத்து எதுவும் இல்லாமல் குடித்து ஓட்டி முதல் தடவை மாட்டுபவருக்குக் குறைந்தபட்ச அபராதம் 1,000 டாலரில்தான் தொடங்குகிறது. மறுப்பது லாபமாக இருக்கக் கூடாது என்று யோசித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. 2018 டிசம்பர் முதல், முறையாக நிறுத்திய எந்த ஓட்டுநரையும் சந்தேகமே இல்லாமல் ஊதச் சொல்லலாம்.

ஆனால் இரவுப்பயணிக்கும் இதில் ஒன்று இருக்கிறது. சந்தேகமில்லாமல் கேட்கிற காவலரிடம் கருவி கையோடு இருக்க வேண்டும். 2023-இல் பிரோ வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், கருவியே இல்லாமல் ஊதச் சொன்ன கட்டளை செல்லாது, அதை மறுத்தவர் குற்றவாளி இல்லை என்றது. சாலையோரம் வழக்கறிஞரைக் கூப்பிடும் உரிமை இங்கே கிடையாது. நிலையத்தில் சாட்சியத்துக்கான சோதனை என்று வரும்போது உண்டு. சாலையோரம் நிறுத்தி வைக்கும் நேரம் குறுகியதாக இருந்தால்தான் அந்த உரிமையை விலக்கி வைப்பது நியாயம். கருவி வரும் வரை ஒருவரை வெறுமனே காக்க வைக்க முடியாது.

ரைன்கரை

ஜெர்மனியில் நேர் எதிர். சாலையோரம் ஊதுவது உங்கள் விருப்பம். மறுக்கலாம், மறுத்ததற்காகத் தண்டனை கிடையாது.

இரவுப்பயணி

பாருங்கள், ஒரு நாடாவது நான் கேட்பதைக் கொடுத்திருக்கிறது!

ரைன்கரை

அவசரப்படாதீர்கள், முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. மறுத்தால், சந்தேகத்துக்கு இடம் இருக்கும்போது, இரத்தம் எடுக்க உத்தரவிடுவார்கள். அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, மருத்துவர் எடுப்பார். 2017 வரை இதற்குப் பொதுவாக நீதிபதியின் உத்தரவு வேண்டும். அந்த ஆண்டு சட்டத்தை மாற்றி, இந்த வகைப் போக்குவரத்து வழக்குகளில் அரசு வழக்கறிஞரோ காவல்துறையோ சொன்னாலே போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக இங்கே கிடைப்பது ஊசி வேண்டுமா, ஊதல் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. சோதனையே வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை.

கருப்புக்கோட்டு

அமெரிக்காவில் இதே ஊசி, ஊதல் வேறுபாடு எதிர்ப்பக்கமாகப் போனது. 2016-இல் பர்ச்பீல்ட் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், கைதான ஓட்டுநரிடம் மூச்சுச் சோதனைக்கு நீதிபதியின் ஆணை வேண்டாம், இரத்தத்துக்கு வேண்டும் என்றது. மூச்சைக் கொடுக்க மறுப்பதைக் குற்றமாக்கலாம், ஆணை இல்லாமல் கேட்ட இரத்தத்தை மறுப்பதைக் குற்றமாக்க முடியாது. காரணமும் தெளிவு: ஊதுவதில் உடம்பைத் துளைப்பதில்லை, மதுவின் அளவைத் தவிர வேறு எதுவும் வெளியே போவதும் இல்லை. இரத்தத்தில் ஒருவருடைய நோய் முதல் எல்லாம் இருக்கிறது.

இரவுப்பயணி, நீங்கள் உடலுரிமையை மதிப்பவர் என்றால் ஊதுவதுதான் உங்கள் பக்கம். நீங்கள் ஊத மறுத்தால் அடுத்து கேட்கப்போவது இரத்தம்.

மூச்சுப்பை

யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதால் குறுக்கே வருகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அந்தக் கருவிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் வரை இடைவிடாமல் ஊத வேண்டியிருக்கிறது. ஒரு இரவு மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் பாதியில் மூச்சு அறுந்தது. ‘வேண்டுமென்றே ஊதாமல் நடிக்கிறீர்கள்’ என்றார்கள். கையில் இன்ஹேலர் இருந்தும் நம்பவில்லை. வெண்ணிலா, மறுப்பதையே குற்றமாக்கினால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது?

வெண்ணிலா

நீங்கள் மறுக்கவில்லையே, முயன்றீர்கள். உங்களுக்கு இரத்தப் பரிசோதனை தந்திருக்க வேண்டும். அதை நான் எதிர்க்கவே மாட்டேன்.

கருப்புக்கோட்டு

இங்கே 205-லேயே ‘தகுந்த காரணம்’ என்ற வாசகம் இருக்கிறது. பிரிட்டனில் மாதிரி கொடுக்கத் தவறுவது தனிக் குற்றம், ஆனால் நியாயமான காரணம் இருந்தால் குற்றமில்லை. மூச்சு நோய் அந்தக் காரணங்களில் ஒன்று. ஆனால் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘எனக்கு ஆஸ்துமா, முழு மூச்சு விட முடியாது, இரத்தம் கொடுக்கத் தயார்’ என்று சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கு வந்த பிறகு மருத்துவச் சான்றிதழ் எடுத்து வந்தால் அது பாதி எடைதான் பெறும்.

அளவுக்காரன்

இன்ஹேலர் அடித்தவுடன் ஊதினாலும் வாயில் சில நிமிடம் ஆல்கஹால் காட்டலாம், சில மருந்துகளில் எத்தனால் கலந்திருக்கும். அதற்கும் காத்திருப்புதான் மருந்து. நீரிழிவு உள்ளவர்களும் கேட்பார்கள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்: சர்க்கரை மிக ஏறி மூச்சில் அசிட்டோன் வரும் நிலையில், மலிவான குறைக்கடத்திக் கருவிகள் ஏமாறலாம். காவல்துறைகள் பரவலாக வைத்திருக்கும் எரிகல (fuel cell) வகைக் கருவி அசிட்டோனை ஆல்கஹாலாக எடுத்துக்கொள்ளாது.

இரவுப்பயணி

சரி, ஒரு இடத்தில் நான் இறங்கி வருகிறேன். மறுப்பதால் எனக்கு நன்மை இல்லை என்பது புரிகிறது. ஆனால் சந்தேகமே இல்லாமல் வருகிற ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கருவியை நீட்டுவது சரியா? 203 ‘சந்தேகிக்க நியாயமான காரணம்’ என்று கேட்கிறதே. என் மேல் என்ன சந்தேகம் இருந்தது? நேராகத்தான் ஓட்டி வந்தேன்.

கருப்புக்கோட்டு

வாசகத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. வண்டியை நிறுத்த ஒரு அதிகாரம், ஊதச் சொல்ல இன்னொரு அதிகாரம். நிறுத்தி, பேச்சுக் கொடுத்து, வாடையோ குழறலோ தெரிந்த பிறகு ஊதச் சொன்னால் காரணம் வந்துவிடுகிறது. எதுவுமே இல்லாமல் வரிசையில் வரும் எல்லாரையும் ஊதச் சொல்வதற்கு அந்தப் பிரிவு இடம் தருகிறது என்று என்னால் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் எந்த வண்டியையும் நிறுத்தலாம், ஆனால் ஊதச் சொல்ல மதுச் சந்தேகமோ, போக்குவரத்துக் குற்றமோ, விபத்தோ வேண்டும்.

வெண்ணிலா

இந்த இடத்தில் நான் சார் சொல்வதையும் ஏற்க மாட்டேன். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1976-லும் நியூ சவுத் வேல்ஸ் 1982-லும் யாரையும் ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தன. எப்போது வேண்டுமானாலும் ஊத வேண்டியிருக்கும் என்று தெரிந்தால்தான் குடிக்க உட்காரும்போதே சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருவான். வாடை வந்தால்தான் ஊதச் சொல்வார்கள் என்றால், வாடையை மறைத்துக்கொண்டு வருவான். நேராக ஓட்டுவதாகத் தெரிந்தவர்கள்தான் அடுத்த திருப்பத்தில் மோதுகிறார்கள். சட்டம் சந்தேகத்தைக் கேட்கிறது என்றால் அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்போம்.

இரவுப்பயணி

மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். எல்லாரும் ஊதட்டும், மறுத்தால் குற்றமாகட்டும். கூடவே, வரம்பைத் தாண்டிய எவருக்கும் 15 நிமிடம் கழித்து இரண்டாவது சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு எண்ணில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்காரன்

குறைந்ததை எடுப்பது பிரிட்டனில் இப்போதே நடப்பதுதான். அங்கே நிலையத்தில் இரண்டு மாதிரி வாங்கி, குறைவானதையே சாட்சியமாக வைக்கிறார்கள்.

வெண்ணிலா

15 நிமிடம் என்றால் அதற்குள் இறங்கிவிடாதா? எல்லைக்கோட்டில் இருப்பவன் தப்பித்துவிடுவானே.

அளவுக்காரன்

உங்கள் பயம் நியாயமானது, கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்பு ஆல்கஹாலைக் கழிக்கும் வேகம் பெரும்பாலானவர்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் மணிக்கு 10 முதல் 25 மில்லிகிராம். 15 என்று வைத்தால் கால் மணி நேரத்தில் 4-க்குள் குறையும். 90 காட்டியவர் 86 ஆவார், 50 காட்டியவர் 46 ஆவார். 32, 33 காட்டியவர் மட்டும் வரம்புக்குக் கீழே வரலாம். கடைசிக் கோப்பையைக் குடித்து அதிக நேரம் ஆகாதவருக்கு இன்னும் ஏறிக்கொண்டுகூட இருக்கும், அவர் காத்திருந்தால் எண் கூடும். அதனால் நிஜமாகக் குடித்தவருக்குக் காத்திருப்பதால் கிடைப்பது மிகக் குறைவு. கொப்பளித்தவருக்குக் கிடைப்பது முழு விடுதலை.

வெண்ணிலா

அந்த 32-காரரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்குப் புரிகிறது. ஒரு இரவில் அத்தனை வண்டிகளை நிறுத்தும் இடத்தில், தாண்டியவர்களை எல்லாம் யார் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பது? அங்கே நிற்கிற காவலர்களே மூன்று, நான்கு பேர். ஆள் கூட்டாமல் இந்த விதியை மட்டும் போட்டால், நேரமில்லை என்று சோதனையையே குறைத்துவிடுவார்கள். நான் அதைத்தான் பயப்படுகிறேன்.

கருப்புக்கோட்டு

ஆள் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஊதுபவர்களில் வரம்பைத் தாண்டுபவர்கள் சிலர்தான், அவர்களை உட்கார வைக்க ஒரு வேன் போதும். கைது என்றாலே இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரைக் காட்டச் சொல்லும் சட்டத்தில், 15 நிமிடம் பெரிய சுமை இல்லை.

இரவுப்பயணி, உங்கள் வழக்குக்கு வருவோம். அடுத்த வாய்தாவுக்கு முன் மனு போடுங்கள். கருவியின் வரிசை எண், அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற சான்று, ஊதிய நேரத்தோடு அச்சான சீட்டு, உங்களுக்கு முன் ஊதியவரின் பதிவு, ஊதுவதற்கு முன் வெற்றுக் காற்றில் கருவி சுழியம் காட்டியதா என்ற பதிவு, எல்லாவற்றையும் கேளுங்கள். கொப்பளிக்கும் மருந்தை எழுதிக் கொடுத்த பல் மருத்துவரின் சீட்டு வேண்டும். அந்தப் புட்டி இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள், மேலே ஆல்கஹால் அளவு அச்சாகியிருக்கும். சோதனை நடந்த இடத்தில் கேமரா இருந்தால், பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றே எழுதிக் கொடுங்கள். இரண்டாவது தடவை ஊதத் தயார் என்று நீங்கள் சொன்னது அதில் இருந்தால், உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இரவுப்பயணி

புட்டி இருக்கிறது, பாதி மருந்தோடு அலமாரியில். சீட்டும் இருக்கிறது. கேமராவை நான் யோசிக்கவே இல்லை, நாளைக் காலையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வெண்ணிலா அம்மா, இனி எங்கே நிறுத்தினாலும் ஊதுகிறேன். இரண்டாவது தடவையும் கேட்பேன், அதை விடமாட்டேன்.

வெண்ணிலா

கேளுங்கள். மறுப்பவனுக்குத் தண்டனை வேண்டும் என்பதில் நானும் விடமாட்டேன். வழக்கு என்ன ஆனது என்று வந்து எழுதுங்கள், அண்ணா.